இருவருக்கும் ஒரே அறை

இந்த வருடம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு,

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச வந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "ரீச்சர், உங்களிட்டை வந்து சுகப்பட்ட ஒராளைப் பற்றிச் சொல்லுங்கோ." அப்படிச் சுகப்பட்ட இரண்டு பேரைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினீர்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு அது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டியது வேறொன்று. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர் மயிலிட்டியாகவும் இருக்கலாம், தொண்டைமானாறாகவும் இருக்கலாம். கடற்கரை என்பது மட்டும் போதும். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய வேறு சில விஷயங்களையும் மாற்றிவிட்டேன். நடந்த பிழையை மட்டும் மாற்றவில்லை. அது என்னுடையது.

நான் மிஷன் பள்ளிக்கூடமொன்றில் பல வருடம் படிப்பித்துவிட்டு, பிறகு பயிற்சி எடுத்து உளவளத்துணை ஆலோசனை வேலைக்கு வந்தவள். அதனால்தான் கடைசி வரைக்கும் எல்லோருக்கும் ரீச்சர். கரையோரத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்கத்தில், மருந்து கொடுக்கும் யன்னலைத் தாண்டி, எங்கள் அறை இருந்தது. காசு கிடையாது. டொக்டரின் துண்டுச் சீட்டு இல்லாமலும் வந்து கதைக்கலாம். நித்திரை வராதவர்கள், பதகளிப்பும் பயமும் பிடித்தவர்கள், எதிலும் மனம் ஒட்டாமல் போனவர்கள் எல்லோரும் வந்தார்கள்.

காத்திருப்பவர்கள் இருப்பதற்கு வெளியே ஒரு வாங்கு போட்டிருந்தோம். அதில் இருப்பதை யாரும் கண்டுவிடக் கூடாது என்று, பலர் பிரஷர் கிளினிக் வரிசையில் நின்றுவிட்டுக் கடைசி நேரத்தில்தான் எங்கள் பக்கம் திரும்புவார்கள். பக்கத்திலேயே இருக்கிறது, பஸ் ஏறத் தேவையில்லை என்பதுதான் அந்த அறையின் பெரிய நன்மை. சொந்தமும் அயலுமாக எல்லோரும் அந்த ஒரே அறைக்குத்தான் வரவேண்டும் என்பது அதன் கஷ்டம். இதை எனக்கு எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லித்தரவில்லை.

ரவி வந்தது பங்குனி மாதத்தில். முப்பத்திரண்டு வயது, கடற்றொழில், வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். நெஞ்சு இறுகுகிறது, மூச்சு நின்றுவிடும்போல இருக்கிறது என்று வெளிநோயாளர் பிரிவுக்குப் போயிருக்கிறார். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயத்தில் ஒன்றுமில்லை என்று டொக்டர் எங்களிடம் அனுப்பினார். கரையில் யாராவது போட் எஞ்சினை இழுத்தால் போதும், அவருடைய கை விறைத்துவிடும். கடலுக்குப் போய் மூன்று மாதமாகியிருந்தது.

அதற்கான காரணம் ஊருக்கே தெரியும். மார்கழியில் ஒரு காலை ரவியும் சிவா என்பவரும் வலை இழுக்கப் போயிருந்தார்கள். சிவா ரவியைவிட எட்டு வயது மூத்தவர். வாடைக்காற்று திடீரென்று எழும்பிப் போட்டைக் கவிழ்த்துவிட்டது. அந்தப் பக்கம் வந்த வேறு போட்காரர் ரவியை ஏற்றிக்கொண்டார்கள். சிவாவைக் காணவில்லை. "நான் தண்ணிக்கு மேலை வரேக்குள்ளை அண்ணையைக் காணேல்லை" என்று ரவி நேவிக்கும் சொன்னார், பொலிசுக்கும் சொன்னார், சிவாவின் வீட்டாருக்கும் சொன்னார். நாட்கணக்கில் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

மூன்றாவது தடவை வந்தபோது அவர் கதிரையின் விளிம்பில் இருந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ரீச்சர், நான் எல்லாருக்கும் சொன்னது பொய்."

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"அண்ணையின்ரை காலிலை வலை சுத்திப்போட்டுது. நான் ஒரு கையாலை போட்டைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையாலை அவரைப் பிடிச்சிருந்தனான். கன நேரம். 'விடாதையடா' எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவர். பேந்து அதையும் சொல்லேல்லை. என்னைப் பாத்துக்கொண்டு மட்டும் இருந்தவர்."

"கை வழுகிப்போச்சோ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் தப்பிக்க ஒரு வழி காட்டப் பார்த்தேன். அவர் அந்த வழியால் போகவில்லை.

"இல்லை. வழுகேல்லை. நான் விட்டனான். விடாட்டி நானும் போயிடுவன் எண்டு தெரிஞ்சுது, விட்டனான். அவர் கீழை போறதைப் பாத்தனான்."

மனைவிக்கும் அவர் இதைச் சொல்லியிருக்கவில்லை. உலகத்தில் அதை அறிந்த இரண்டாவது ஆள் நான். அடுத்த கிழமை வந்தபோது, இரண்டு நாள் தொடர்ந்து நித்திரை கொண்டதாகச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. நம்முடைய வேலையில் அந்தப் பெருமைதான் முதலில் ஆளைக் கவிழ்க்கும்.

ஒரு மாதம் கழித்து, வீடு வீடாகப் போகும் மருத்துவமாது ஒரு பெண்ணைக் கையோடு கூட்டிவந்தார். சாப்பிடுவதில்லை, ஏழு வயது மகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துவதற்கே உடம்பில் பலமில்லை. பெயர் மதி. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கணவரைப் பற்றிக் கேட்டேன்.

"இந்தியாவிலை எங்கையோ இருக்கிறார், ரீச்சர். நீரோட்டம் அங்காலைதான் இழுக்கும். எத்தினை பேர் அங்கை ஒதுங்கி, பிடிபட்டு மறியலிலை கிடந்து, பேந்து வந்து சேர்ந்திருக்கினம்?"

கணவரின் போன் நம்பருக்கு மாதாமாதம் றீலோட் காசு போட்டுக்கொண்டிருந்தாள். போட்டில் போன் இருந்தது, அது கடலோடு போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். "நம்பரைக் கட் பண்ணிப்போடுவாங்கள். வந்து இறங்கின உடனை அவருக்கு அந்த நம்பர் வேணும்" என்றாள். சாத்திரக்காரர் ஒருவர், ஆள் வடக்கே சுவருக்குள் இருக்கிறார் என்று சொல்லியிருந்தார். கணவரின் தாயும் சகோதரங்களும், முப்பத்தோராம் நாளில் முடிந்திருக்க வேண்டிய இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியையை இனியாவது கீரிமலைத் தீர்த்தக் கரையில் செய்துவிட வேண்டும் என்று நெருக்கினார்கள்.

"உயிரோடை இருக்கிற மனிசனுக்கு ஆரும் அந்தியேட்டி செய்வினமோ?" என்று என்னைக் கேட்டாள். பிறகு, "கடைசியா அவரோடை போனது ரவி. அவனும் தான் ஒண்டும் காணேல்லை எண்டுதானே சொல்லுறான்" என்றாள்.

என் கையில் பேனா இருந்தது. எழுதுவதுபோல் ஏதோ கீறிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வேலையை மேற்பார்வை செய்ய மாதம் ஒருமுறை வரும் உளநல வைத்தியர் என்னைவிட இருபது வயது இளையவர். அன்றைக்கே அவருக்குப் போன் எடுத்தேன். பெயர் சொல்லாமல், இரண்டு பேருடைய கதையும் ஒன்று என்று மட்டும் சொன்னேன்.

"ரெண்டு பேரையும் நீங்கள் பாக்கேலாது, ரீச்சர். ஒராளை வேறை இடத்திலை இருக்கிறவரிட்டை மாத்துங்கோ."

"மற்ற இடத்துக்கு ரெண்டு பஸ் மாறிப் போகோணும், டொக்டர். அவ போக மாட்டா."

"கேட்டுப் பாத்தனீங்களோ?"

நான் கேட்கவில்லை. அடுத்த கிழமை கேட்கிறேன் என்றேன். அடுத்த கிழமையும் கேட்கவில்லை. ஏன் மாற்றுகிறேன் என்று அவளுக்கு என்ன காரணம் சொல்வது என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். ஒரு காரணமும் சொல்லாமலே மாற்றியிருக்கலாம். உண்மை என்னவென்றால், என்னால் இரண்டையும் தாங்க முடியும் என்று நினைத்தேன். ரவியை மெதுவாகத் தயார்ப்படுத்தினால் அவரே போய் மதியிடம் சொல்லிவிடுவார், அவளும் அழுது முடித்து அந்தியேட்டியைச் செய்வாள், இரண்டு குடும்பமும் ஓரளவுக்கு நிமிரும் என்று மனதுக்குள் ஒரு திட்டம் போட்டிருந்தேன். அந்தத் திட்டத்தை அவர்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை. நான் போட்டது.

அதற்குப் பிறகு ரவி வரும் வியாழக்கிழமைகளில் நான் கேட்ட கேள்விகள் அவருடைய சுகத்துக்கானவை அல்ல. "சிவாவின்ரை வீட்டுக்காரர் என்ன பாடுபடுகினம் எண்டு யோசிக்கிறனீங்களோ?" என்று சுற்றிச் சுற்றி அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினேன். ஒருநாள் அவர் சொன்னார்:

"மதி அக்கா நம்பிக்கொண்டு இருக்கட்டும், ரீச்சர். அந்த நம்பிக்கையையும் நானே பறிக்கிறதோ?"

அவருக்கு வந்திருந்த கொஞ்ச நித்திரையும் அந்த நாட்களில் குறைந்துபோனது. அதைக் குறிப்பில் எழுதினேன். ஏன் குறைந்தது என்று எழுதவில்லை.

மதியோடு நான் ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருந்தேன். ஊரில் எல்லோரும் சிவாவைப் பற்றிக் கதைக்கும்போது "நல்ல மனிசன், இருந்தவர்" என்று இறந்தகாலத்தில் சொல்வார்கள். அவள் எழுந்து போய்விடுவாள். நான் ஒருநாளும் அப்படிக் கதைத்ததில்லை. அவள் "இருக்கிறார்" என்றால் நானும் "இருக்கிறார்" என்றேன். அது சரியா பிழையா என்று நீங்கள் விவாதிக்கலாம். அவள் என்னை நம்பியது அதனால்தான்.

ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை. சோளகக் காற்று யன்னலை அடித்துக்கொண்டிருந்தது. அவள் அன்றைக்குக் கொஞ்சம் தெளிவாக வந்திருந்தாள். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கிடைத்ததாம். ரவி அதற்கு முந்திய வியாழக்கிழமை என் முன்னால் இருந்து வெகுநேரம் அழுதிருந்தார். அந்த அழுகை இன்னும் என் தலைக்குள் இருந்தது. அப்படியே வாயில் வந்துவிட்டது.

"சிவாவுக்குப் பிள்ளையின்ரை படிப்பிலை நல்ல ஆசை இருந்தது, என்ன?"

அவள் முகம் மாறியது.

"இருந்ததோ?"

நான் குறிப்புத் தாளைப் புரட்டினேன்.

"ரீச்சர், எல்லாரும் அப்பிடித்தான் கதைப்பினம். நீங்கள் மட்டும் ஒருநாளும் கதைக்கிறேல்லை." குரல் தாழ்ந்தது. "உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

எனக்குக் கிடைத்தது இரண்டு மூன்று நொடி. மற்றவர்கள் இங்கே சொல்வதை நான் சொல்ல முடியாது என்று சொல்லியிருந்தால், யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று ஆகிவிடும். தெரியாது என்றால் பொய். வாய் தடுமாறிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் அல்ல, யாரையும் காட்டியும் கொடுக்காது. இந்த வசனத்தை நான் கண்டுபிடிக்க ஒரு வருடம் எடுத்தது.

"எனக்கு ஒண்டும் தெரியாது, பிள்ளை" என்றேன்.

சொல்லும்போதே என் கண் மேசை லாச்சிக்குப் போனது. எல்லோருடைய பைல்களும் இருக்கும் இழுப்பறை அது. அவள் என் கண்ணைத் தொடர்ந்து அந்த லாச்சியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு, "வாறன் ரீச்சர்" என்று எழுந்து போனாள்.

நான் அந்த நிமிடமே வைத்தியருக்குப் போன் எடுத்திருக்க வேண்டும். வெளியே வாங்கில் ஆட்கள் காத்திருந்தார்கள். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் ரவி வந்தார். அது அவருடைய நாள் அல்ல. உள்ளே இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு அவரை இருத்தினேன்.

"அக்கா வீட்டை வந்தவ" என்றார். "நான் இஞ்சை வாறனான் எண்டு முந்தியே தெரியும். நெஞ்சு வருத்தத்துக்கு எண்டு நினைச்சிருந்தவ. வாசலிலையே நிண்டு, 'ரீச்சருக்குச் சொன்னதை எனக்கும் சொல்லு' எண்டு கேட்டா."

"சொன்னனீங்களோ?"

"ஓம். எல்லாம் சொன்னனான். அவ கத்தேல்லை, ரீச்சர். அடிப்பா எண்டு நினைச்சன், அடிக்கேல்லை. 'எந்தக் கை?' எண்டு மட்டும் கேட்டா. காட்டினன். அதைக் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டா. பேந்து போயிட்டா."

அவர் தன் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தார்.

"நீங்களோ அவவுக்குச் சொன்னது?"

"நீங்கள் சொன்ன ஒண்டையும் நான் வாயாலை சொல்லேல்லை. ஆனால் நான் விட்ட பிழையாலைதான் அவ உங்களைத் தேடி வந்தது. அது என்ரை பிழை, தம்பி. உங்கடை இல்லை."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பரவாயில்லை ரீச்சர்" என்றார், மிக அமைதியாக. "இனி ஒண்டுமில்லைத்தானே."

அந்த அமைதி எனக்குப் பயத்தைத் தந்தது. அழுகிறவரை விட, கத்துகிறவரை விட, திடீரென்று எல்லாம் முடிந்ததுபோல் அமைதியாகிறவரைக் கவனியுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தையும் நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயந்து கேட்காமல் விடாதீர்கள். நேராகக் கேட்டேன்.

"உயிரை மாய்ச்சுக்கொள்ளுறதைப் பற்றி யோசிக்கிறியளோ?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஓம்" என்றார். ஒருவராவது கேட்டார்களே என்பதுபோல் இருந்தது அந்த ஓம்.

இந்த முழுக்கதையிலும் நான் சரியாகச் செய்த ஒன்று அதற்குப் பிறகு நடந்ததுதான். அவரைத் தனியே விடவில்லை. இதை இனி இந்த அறைக்குள் மட்டும் வைத்திருக்க என்னால் முடியாது, யாரிடம் சொல்லப்போகிறேன், எவ்வளவு சொல்லப்போகிறேன் என்று அவருக்கே முதலில் சொன்னேன். மனைவியைக் கூப்பிட அவரே நம்பரைத் தந்தார். அவருடைய மனைவி குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்கினாள். கடலில் நடந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. அவருடைய உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன். பின்னேரம் வைத்தியர் பார்த்து, வார்டில் சேர்த்தார். வார்டு வாசல் வரைக்கும் போய்விட்டு, அங்கே வைத்தே வைத்தியரிடம் லாச்சி, பொய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "எழுதித் தாங்கோ, ரீச்சர்" என்றார். எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு சில மாதம் புதிய ஆட்களை என்னிடம் அனுப்பவில்லை. அது நியாயம்.

ரவி சுகப்பட்டார் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். உயிரோடு இருக்கிறார். மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னார். அவள் அவரை விட்டுப் போகவில்லை. இப்போது வவுனியாப் பக்கம் ஒரு சாமான் கடையில் வேலை. கடலுக்குத் திரும்பவில்லை. அங்கே வேறொரு உளவளத்துணையாளரிடம் போகிறார். மருந்து எடுத்தால் நித்திரை வருகிறதாம்.

சின்ன இடத்தில் வேலை செய்கிறீர்கள். இரண்டு பேருடைய கதை உங்கள் மேசையில் வந்து ஒன்றாகும் நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்கு உங்களுக்கு இரண்டு பேர் மீதும் இரக்கம் இருக்கும். இரக்கம் இருப்பதாலேயே இரண்டு பேரையும் வைத்திருக்கத் தோன்றும். அன்றைக்கே ஒருவரை மாற்றுங்கள். பஸ் தூரம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அவர் கோபித்துக்கொண்டு வராமலே விட்டாலும், நான் செய்ததைவிட அது குறைந்த கேடு.

மதி கடைசியாக வந்தது புரட்டாதியில். நேரம் குறிக்காமல் வந்து, மற்றவர்கள் எல்லோரும் போகும் வரைக்கும் வாங்கில் இருந்தாள். உள்ளே வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை.

"கீரிமலையிலை அந்தியேட்டி முடிஞ்சுது, ரீச்சர்."

"இருங்கோ, பிள்ளை."

அவள் இருக்கவில்லை.

"நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் இஞ்சை வந்து, அவர் வருவார், வருவார் எண்டு உங்களுக்குச் சொல்லிக்கொண்டு இருந்தன். நீங்கள் தலையாட்டிக்கொண்டு இருந்தனீங்கள். எல்லாம் தெரிஞ்சுகொண்டு."

நான் வாய் தடுமாறியது பற்றி அவள் ஒரு சொல் சொல்லவில்லை. பொய் சொன்னது பற்றியும் இல்லை. அதற்கு முன்னால், ரகசியம் காப்பதில் விதிப்படி நான் சரியாக நடந்துகொண்ட அத்தனை கிழமைகளையும் பற்றித்தான் கேட்டாள். எனக்கு எப்போது தெரியும், யார் சொன்னது என்று அப்போதும் நான் வாய்திறக்க முடியாது. ரவி அவளிடம் தானே சொல்லிவிட்டார் என்றாலும், என்னிடம் சொன்னதை வெளியே சொல்லும் உரிமை அவருக்குத்தான் உண்டு, எனக்கு இல்லை. அன்றைக்கு நான் பொய் சொன்னதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன். நான் செய்ததற்கு அது மிகச் சின்னதாக இருந்தது.

"நான் அவனைப் பற்றி உங்களிட்டைக் கேக்க வரேல்லை" என்றாள். "அவன் விட்டது உயிருக்குப் பயந்து. அது எனக்கு விளங்குது. மன்னிக்கேலாது, ஆனால் விளங்குது. நீங்கள் எதுக்குப் பயந்தனீங்கள்?"

மற்ற இடத்துக்குப் போகும்படி அன்றைக்குத்தான் முதல்தடவையாக அவளிடம் சொன்னேன். அங்கே இருப்பவர் நல்லவர், கவனமானவர் என்றேன். எந்த நாளில் போகவேண்டும் என்றும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். என்னில் கோபம் இருந்ததாகவும் தெரியவில்லை. களைத்துப்போன முகம்.

"அவர் செத்துப்போனார் எண்டு இப்பதான் எனக்குத் தெரியும், ரீச்சர். எல்லாரும் மார்கழியிலையே அழுது முடிச்சிட்டினம். இனித்தான் நான் அழத் தொடங்கோணும்."

கதவடிக்குப் போய் நின்றவள் திரும்பினாள்.

"இந்த ஊரிலை நான் நம்பிக் கதைச்சது உங்களோடை மட்டும்தான்" என்றாள். "இனி நான் ஆரோடை கதைக்கிறது?"